செக்கில் இருக்கும் ராஜா

இங்கிலாந்து அரசவைப் பட்டங்கள் காதுக்குக் கம்பீரமானவை. பிறந்த இடம் தேடிப் போனால் சமையல்கட்டுக்கும் குதிரை லாயத்துக்கும் போக வேண்டியிருக்கும். 'லார்ட்' என்றால் ரொட்டியைக் காப்பவர். 'லேடி' மாவு பிசைபவள். 'நைட்' வெறும் பையன், எடுபிடி. ஜெர்மனில் அதன் உறவுச் சொல்லான 'க்னெக்ட்' இன்னும் வேலையாள்தான். 'மார்ஷல்' குதிரை பார்த்துக்கொண்ட ஆள். 'குயின்' பெண் அல்லது மனைவி, அவ்வளவே. 'கிங்' மட்டும் 'குலம்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து, கொஞ்சம் கௌரவமாகப் பிறந்தது.

1066-ல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக நுழைந்தன: கிரௌன், கோர்ட், ராயல், பிரின்ஸ், டியூக். கிங், குயின் இரண்டும் அசைந்துகொடுக்கவில்லை. 'ஏர்ல்' என்ற பழைய பட்டமும் தப்பியது. வேடிக்கை என்னவென்றால், ஏர்லின் மனைவிக்கு இன்றும் பிரெஞ்சு வழி வந்த 'கவுண்டஸ்' பட்டம்தான்.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது 'எக்ஸ்செக்கர்'. பிரிட்டனின் நிதியமைச்சரை இன்றும் 'சான்ஸலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்கிறார்கள். சான்ஸலர், ரோமானிய நீதிமன்றத்தில் தடுப்புக் கிராதி அருகே நின்ற ஊழியர். எக்ஸ்செக்கர், 12-ஆம் நூற்றாண்டில் ஒரு மேசை. நீளம் சுமார் 10 அடி, அகலம் 5 அடி. வைத்தது உருண்டு விழாமலிருக்க நான்கு விரற்கடை உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. பென்ஸுக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பவுண்டுக்கு ஒன்று என்று இடம் பிரித்திருந்தார்கள். மாவட்டங்களில் மன்னருக்காக வசூல் செய்த ஷெரீப்கள் அதன்முன் வந்து உட்கார்ந்து கணக்கு ஒப்பிக்க வேண்டும். கட்டவேண்டிய தொகைக்கான வில்லைகள் மேல்வரிசையில், கட்டிய தொகைக்கானவை கீழ்வரிசையில். ரோமன் எண்களை எழுதிக் கழிப்பதைவிட இது எவ்வளவோ சுலபம். எழுத்தறியாத ஷெரீப்பும் தன் பாக்கியைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கட்டம் போட்ட அந்தத் துணியால்தான் மேசைக்குச் சதுரங்கப் பலகையின் பிரெஞ்சுப் பெயர் ஒட்டியது. அந்தப் பெயருக்கு மூலம் அரபு வழியாக ஐரோப்பாவுக்கு வந்த பாரசீக 'ஷா', அதாவது அரசன். சதுரங்கத்தில் சொல்லும் 'செக்' அதே 'ஷா'தான். ஆட்டத்தில் ராஜாவைத் தடுத்து நிறுத்தும் சொல், பிறகு எதையும் தடுத்துச் சரிபார்ப்பதற்கு ஆனது. பணம் தரச் சொல்லும் தாளில் மோசடி நடக்காமல் சரிபார்க்க வைத்த அடிக்கட்டைக்குப் பெயராகி, கடைசியில் அந்தத் தாளுக்கே நிலைத்தது. வங்கியில் நாம் கொடுக்கும் செக் இப்படி வந்ததுதான். 'ராஜாவுக்கு செக்' என்பவர் ராஜாவை இரண்டு முறை கூப்பிடுகிறார்.