முடி நுனிப் பிளவு

தலைமுடியின் நுனி இரண்டாகவோ பல இழைகளாகவோ பிரிந்து நிற்பது முடி நுனிப் பிளவு எனப்படும். பேச்சு வழக்கில் இதை முடி வெடிப்பு என்பர். மருத்துவத்தில் இதன் பெயர் டிரைக்கோப்டிலோசிஸ். இது நோயன்று, தேய்மானமே. பிளந்த நுனியை நிலையாக ஒட்ட வைக்க எந்த வழியும் இல்லை. ஆகவே வெட்டி நீக்குவதும் மேலும் பிளவாமல் காப்பதுமே இதற்குச் செய்யக்கூடியவை.

ஏன் பிளக்கிறது?

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உள்ளே நீளவாக்கில் நார்கள் உள்ளன. அவற்றின் மேல், கூரையில் ஓடு வேய்ந்ததுபோல, மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து நார்களைக் காக்கின்றன. இச்செதில்கள் தேய்ந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் நார்கள் பிரிகின்றன.

முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. அப்படியானால் 60 செ.மீ. நீளக் கூந்தலின் நுனி சுமார் 5 ஆண்டுகளுக்கு முன் முளைத்தது. அத்தனை காலமும் சீப்பையும் வெயிலையும் உராய்வையும் தாங்கியதால் முதலில் பிளப்பது நுனியே. உயிருள்ள செல்கள் மயிர்க்காலில் மட்டுமே உள்ளன. வெளியே தெரியும் முடிக்கு உயிரில்லை. எனவே தோலில் பட்ட காயம்போல இது தானாக ஆறாது.

தேய்மானத்தை விரைவுபடுத்துபவை:

- முடியை வெளுத்தல், சாயமிடுதல், வேதிப்பொருள்களால் நேராக்குதல்
- சூடான கருவிகளை அடிக்கடி பயன்படுத்துதல்
- ஈர முடியை இழுத்துச் சிக்கெடுத்தல்
- இறுக்கமான ரப்பர் வளையங்கள்
- கடும் வெயில், நீச்சல் குளத்துக் குளோரின் நீர்

சரிசெய்தல்

பிளவு தொடங்கும் இடத்திற்குச் சற்று மேலே கூரிய கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். மழுங்கிய கத்தரிக்கோல் முடியை நசுக்கிப் புதிய பிளவுக்கு இடம் தரும். பிளந்த இழையைக் கையால் பிரித்து இழுத்தால் பிளவு மேலேறும்.

நீளம் போய்விடும் என்று அஞ்சி வெட்டாமல் விடுவோர் உண்டு. 3 மாதங்களில் முடி சுமார் 3 செ.மீ. வளரும். அதில் அரை செ.மீ. வெட்டினாலும் இரண்டரை செ.மீ. மிஞ்சும். வெட்டாமல் விட்டாலோ பிளந்த முடி நடுவில் முறிந்து, நீளமும் அடர்த்தியும் குறையும். வெட்டுவதால் முடி வேகமாக வளரும் என்பதும் உண்மையன்று; வளர்ச்சி நடப்பது மயிர்க்காலில்தான்.

நுனியைச் சீராக்குவதாகக் கூறும் சீரம்களில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும். அது முடிமேல் படிந்து, பிளவைத் தற்காலிகமாக மறைத்து உராய்வைக் குறைக்கும். தலைக்குக் குளிக்கும்போது பெரும்பாலும் கழுவப்பட்டுவிடும்.

தடுக்கும் முறைகள்

- குளிப்பதற்கு முன் நுனிவரை தேங்காய் எண்ணெய் தடவலாம். இது முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பதாக 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்பயனைத் தரவில்லை.
- ஷாம்பூவை உச்சந்தலையில் மட்டும் தேய்த்து, கண்டிஷனரை நுனிப்பகுதியில் பூசவும்.
- ஈரத் தலையைத் துண்டால் அடித்து உலர்த்தாமல் ஒற்றி எடுக்கவும். நனைந்த முடி எளிதில் நீண்டு சேதமடையும்.
- சிக்கை அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் படிப்படியாக எடுக்கவும்.
- ஈர முடியில் சூடான நேராக்கும் கருவியை வைக்கக் கூடாது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முடிக்குள் குமிழிகளை உண்டாக்கும்.
- உறங்கும்போது தளர்வாகப் பின்னிக்கொண்டால் தலையணை உராய்வு குறையும்.

புரதமும் இரும்புச்சத்தும் உள்ள உணவு இனி முளைக்கும் முடிக்கே வலுவூட்டும். ஏற்கெனவே பிளந்த நுனியை அது எட்டாது.

மருத்துவரை அணுக வேண்டிய நேரம்

நுனியில் அல்லாமல் வேருக்கு அருகிலேயே முடி முறிந்தாலோ, வறட்சியுடன் முடி கொட்டுதலும் மிகுந்த சோர்வும் சேர்ந்து வந்தாலோ தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. தைராய்டு சுரப்புக் குறைவும் முடியை வறண்டு முறியச் செய்யக்கூடும்.