நூலகத்தில் என்னத்துக்குப் படம்?

பதினோராம் தர வகுப்பில் ஒருநாள், அமெரிக்காவில் பெப்ரவரி மாதம் வந்தால் ஊர் நூலகங்களில் கறுப்பின மக்களின் விடுதலையையும் கலையையும் சொல்லும் படங்களைத் தொடராகப் போட்டுக் காட்டுவார்கள் என்று சொன்னேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழும்பினான். "சேர், படம் பார்க்கிறதெண்டா தியேட்டருக்குத்தானே போகணும்? லைப்ரரியில என்னத்துக்குப் படம்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி சரியான கேள்வி. மணியடித்துவிட்டதால் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நூலகம், திரையரங்கு இரண்டுமே அந்த மக்களுக்கு ஒரு காலத்தில் அடைத்த கதவுகள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் நிறப் பாகுபாடு சட்டமாக இருந்த நாட்களில், திரையரங்குகளில் கறுப்பருக்கு மேல்மாடம்தான். பல இடங்களில் வாசலும் வேறு. நூலகத்திலும் இதே கதைதான். 1961 மார்ச் 27ஆம் திகதி மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில், டூகலூ கல்லூரி மாணவர்கள் ஒன்பது பேர் வெள்ளையருக்கான பொது நூலகத்துக்குள் போய் அமர்ந்து வாசித்தார்கள். செய்த குற்றம் அவ்வளவுதான். பொலிஸ் வந்து கைது செய்தது. அந்த நாட்டின் நூலகமொன்றில் இன்று கறுப்பர் எடுத்த படத்தைக் கறுப்பர் முன்வரிசையில் இருந்து பார்க்கிறார்கள் என்றால், அதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

இந்த வழக்கத்தின் வேரைத் தேடினால் 1926க்குப் போக வேண்டும். அந்த வருஷம் கார்ட்டர் வுட்சன் என்ற வரலாற்றாசிரியர் பெப்ரவரியில் 'நீக்ரோ வரலாற்று வாரம்' தொடங்கினார். 1976இல் அது ஒரு மாதமாக விரிந்தது. அதே 1926இல்தான் ஆர்துரோ ஷொம்பர்க்கின் சேகரிப்பு நியூயோர்க் பொது நூலகத்தின் ஹார்லெம் கிளைக்கு வந்தது. கார்னகி நிறுவனம் கொடுத்த 10,000 டொலரில் வாங்கப்பட்ட அந்தச் சேகரிப்பில் நூல்கள் மட்டும் 5,000க்கு மேல். ஷொம்பர்க் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். சிறுவயதில் அவருடைய ஆசிரியர் ஒருவர், கறுப்பருக்கு வரலாறே இல்லை என்றாராம். அதற்குப் பதில் தேடித்தான் ஆயுள் முழுக்க நூல் சேர்த்தார் என்பார்கள்.

ஆசிரியனான எனக்கு இந்தக் கதை ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் ஒரு பயத்தைத் தரும். வகுப்பில் நாம் பொடுபோக்காகச் சொல்லிவிடும் ஒரு வசனம் ஒரு பிள்ளையை என்ன செய்யும்? எல்லாப் பிள்ளைகளும் ஷொம்பர்க் ஆவதில்லை. சொன்னதை நம்பிவிட்டுப் போகிற பிள்ளைகள்தான் அதிகம்.

சரி, படத்துக்கும் நூலகத்துக்கும் என்ன உறவு? படமும் ஏட்டுச் சுவடி போலத்தான், காப்பாரில்லாவிட்டால் அழிந்துவிடும். ஒஸ்கார் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர் 1920இல் எடுத்த 'விதின் அவர் கேட்ஸ்' பல காலம் தொலைந்து கிடந்தது. 1970களில் ஸ்பெயினில் ஒரு பிரதி அகப்பட்டது, அதுவும் வேறு பெயரில். பேசாப் படமாகையால் இடையிடையே வரும் எழுத்தெல்லாம் ஸ்பானிய மொழியில் இருந்தது. அதைத் திரும்பவும் ஆங்கிலமாக்கி 1993இல் மீட்டெடுத்தது யார்? அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம். சுவடி தேடியவர்களின் கதையைக் கேட்டுத் தமிழ் படித்தவனுக்கு இது புதுக் கதையாகத் தோன்றவில்லை.

ஜூலி டேஷ் 1991இல் எடுத்த 'டோட்டர்ஸ் ஒஃப் த டஸ்ட்' படம் எங்கட ஆட்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைத் தீவொன்றில், 1902இல், ஊரைவிட்டு வடக்கே போகத் தயாராகும் ஒரு குடும்பத்தின் கதை. அதில் பிலால் முஹம்மத் என்ற முஸ்லிம் முதியவர் ஒருவர் வருகிறார். இப்படியொருவர் வரலாற்றிலும் இருந்தார். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு, ஜோர்ஜியாவின் சபெலோ தீவில் அடிமையாக வாழ்ந்த பிலாலி முஹம்மத், வுழூவையும் தொழுகையையும் பற்றி அரபு எழுத்தில் 13 பக்கங்கள் எழுதிவைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று ஜோர்ஜியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. படத்தில் சில நிமிடங்களே வரும் முதியவருக்குப் பின்னால் 13 பக்கங்கள் இருப்பதை நூலகர் சொன்னால்தானே பார்ப்பவருக்குத் தெரியும்!

மல்கம் எக்ஸை எங்கட வாசகர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. அவரைப் பற்றி ஸ்பைக் லீ 1992இல் எடுத்த படத்துக்கு மக்காவிலும் படம்பிடிக்க அனுமதி கிடைத்தது. இயக்குநர் முஸ்லிம் அல்லாதவர். அதனால் முஸ்லிம் படப்பிடிப்புக் குழுவொன்றை அனுப்பி அந்தக் காட்சிகளை எடுத்தார். ஹஜ் காட்சியைப் பற்றி எல்லாரும் கதைப்பார்கள். எனக்கு மறக்காதது, சிறையில் மல்கம் அகராதியைத் திறக்கும் காட்சி. அவரை ஆளாக்கியதில் சிறை நூலகத்துக்கும் பங்கு உண்டு.

இந்தக் காட்சியைத் தியேட்டரில் பார்க்கிறவன் விளக்குப் போட்டதும் பஸ்ஸைத் தேடி ஓடுவான். நூலகத்தில் பார்க்கிறவனுக்கு அகராதி பத்தடி தூரத்தில் அலுமாரியில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரோடு படத்தைப் பற்றிக் கதைக்கலாம், சந்தேகம் வந்தால் நூலகரைக் கேட்கலாம், மல்கமின் சுயசரிதையை இரவல் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

மகனே, லைப்ரரியில படம் இதுக்குத்தான். அடுத்த தவணையில் எங்கள் பாடசாலை நூலகத்தில் ஒரு திரை கட்ட அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைத்தால், முன்வரிசைக் கதிரை உனக்கு.