ஒட்டுக் கேட்டால் காட்டிக் கொடுக்கும் ஒளி



1980களில் வத்தல் கொள்முதலுக்காகக் குண்டூருக்கு ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு நாங்கள் காத்துக் கிடப்போம். ஒருமுறை நாங்கள் பேசிய விலை, லாரி கிளம்புமுன்பே கடைவீதிக்கு வந்துவிட்டது. வேறொருவர் மூட்டைக்கு 5 ரூபாய் கூட்டிக் கொடுத்துச் சரக்கைத் தூக்கிவிட்டார். கம்பியில் காது வைத்தது யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. நஷ்டத்தைவிட அதுதான் எங்களை உறுத்தியது.

இன்று நம் விலைப்பட்டியல், வங்கிக் கணக்கு எல்லாமே கம்பி வழியேதான் போகின்றன. அவற்றுக்குப் போடும் பூட்டுகளில் பெயர்பெற்றது 1977இல் வந்த ஆர்.எஸ்.ஏ. முறை. இரண்டு பெரிய எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த தொகையிலிருந்து அவ்விரண்டையும் கண்டுபிடிப்பது மகா கஷ்டம். அந்தக் கஷ்டம்தான் பூட்டு. போதிய திறனுள்ள குவாண்டம் கணிப்பொறி இருந்தால் இது திறந்துகொள்ளும் என்று 1994இல் பீட்டர் ஷோர் காட்டினார். அத்தகைய கணிப்பொறி இன்னும் வரவில்லை. ஆனால் இன்று போகும் ரகசியத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு, அது வந்தபின் திறக்கலாம் அல்லவா?

இதற்கு மாற்று 1984லேயே பிறந்துவிட்டது. சார்லஸ் பென்னட், ஜில் பிராசார்ட் என்ற இருவர், பூட்டின் சாவியைத் தனித்தனி ஒளித்துகள்களில் அனுப்பும் வழியைச் சொன்னார்கள். இடையில் ஒருவன் துகளை அளந்து பார்த்தால் அதன் நிலை கெடும். இரு முனையிலும் உள்ளவர்கள் சிலவற்றை ஒப்பிட்டால் பிழை கூடியிருப்பது தெரிந்துவிடும். அந்தச் சாவியை வீசிவிட வேண்டியதுதான். அரக்கு முத்திரை உடைந்த பார்சலை நாம் கையெழுத்துப் போட்டு வாங்குவோமா?

தடையாக நின்றது கருவியின் அளவும் விலையும். லேசர், ஒளியை மாற்றும் உறுப்புகள் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கோத்துச் செய்ய வேண்டியிருந்தது. 2017இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார், அனுப்பும் வேலையை இந்தியம் பாஸ்பைடு சிப் ஒன்றில் அடக்கிக் காட்டினார்கள். விரல் நகத்தில் அடங்கும் அளவு! 2021இல் டோஷிபாவின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடம் அனுப்புதல், பெறுதல் இரண்டையும் சிப்புக்குக் கொண்டுவந்தது. ஒரே தகட்டில் பல சிப்புகளை உருவாக்கி வெட்டியெடுக்கலாம். ஒன்று செய்தால் ஒரு விலை, ஆயிரம் செய்தால் வேறு விலை என்பதை மொத்த வியாபாரிக்குச் சொல்ல வேண்டுமா?

குறையையும் சொல்லிவிடுகிறோம். பிரிஸ்டல் சோதனையில் துகளை உணரும் கருவி சிப்புக்கு வெளியேதான் இருந்தது. கண்ணாடி இழையில் 100 கிலோமீட்டர் போனால் நூறு துகளில் ஒன்றுதான் தேறும். நகலெடுக்க முடியாத சரக்கு ஆதலால் வழியில் பெருக்கவும் முடியாது. தொலைதூரத்துக்கு நடுவே நிலையங்கள் வைத்துச் சாவியைக் கைமாற்றுகிறார்கள். அங்கே காவல் யார் என்ற பழைய கேள்வி எங்களுக்கு மறுபடி வருகிறது.

இந்தியாவிலும் 2023இல் 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டம் அனுமதிக்கப்பட்டது. 2,000 கிலோமீட்டர் தொலைவுக்கு இவ்வகைச் சாவி அனுப்புவதும் அதன் இலக்குகளில் ஒன்று. அதுவரை, அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 2024 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய கணிதப் பூட்டுகள்தான் நம் கடைகளுக்கு முதலில் வரும். அவற்றுக்குத் தனிக் கருவி தேவையில்லை. உங்கள் வங்கி அதற்கு எப்போது மாறப் போகிறது என்று அடுத்த முறை போகும்போது கேட்டு வையுங்கள். நாங்கள் கேட்டோம், தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.