குதிரைக்குத் தவிடு மட்டும் போதுமா?

குதிரை நன்றாகத்தான் தின்கிறது. ஆனால், கால் மாற்றிக் கால் நொண்டுகிறது. நாளடைவில் முக எலும்பு இருபுறமும் புடைக்கிறது. சவாரிக்குப் போகாத குதிரையால் வருமானமும் நின்றுபோகிறது. பல நேரங்களில் இதற்குக் காரணம் கால்சியம் பற்றாக்குறைதான்.

ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்றரை முதல் 2 பங்கு கால்சியம் குதிரைக்குத் தேவை. கோதுமைத் தவிட்டிலோ கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் சுமார் 10 மடங்கு அதிகம். நீலகிரியில் மேயும் கிக்கூயூ புல்லிலும், சமவெளியின் கம்பு நேப்பியரிலும் உள்ள ஆக்சலேட், கிடைக்கும் கொஞ்சம் கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். உடல் தன் எலும்பையே கரைத்து ஈடுகட்டும்.

சத்துக்கலவை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

• பாக்கெட்டில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் கூடுதலாக இருக்க வேண்டும்.

• குதிரைக்கென்றே தயாரித்ததாக இருக்க வேண்டும். மாடு, கோழித் தீவனங்களில் மோனென்சின் கலந்திருக்கலாம். அது குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொல்லும்.

• ஒரே நேரத்தில் இரண்டு கலவைகள் வேண்டாம். செலினியம் மிஞ்சினால் பிடரி மயிர் உதிரும், குளம்பு வெடிக்கும்.

• உடல் எடைக்கேற்ற அளவை நிறுத்துக் கொடுக்க வேண்டும். 10 நாட்களில் படிப்படியாகப் பழக்கலாம்.

கலவை எதுவானாலும் புல்லுக்கு ஈடாகாது. 300 கிலோ மட்டக்குதிரைக்குத் தினமும் 5 முதல் 6 கிலோ உலர்தீவனம் அவசியம். அதில் ஒரு பகுதி குதிரைமசாலாக இருந்தால் கால்சியம் தானாகவே கூடும். முகம் புடைத்திருந்தால் கடைக்குப் போகும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.