தேய்மானம்: படகு மோட்டாரும் நமது லோடு வண்டியும்

மளிகை வணிகர்கள் படிக்கும் இதழில் படகு மோட்டாரின் பல் சக்கரத்துக்கு என்ன வேலை என்று வாசக நண்பர்கள் கேட்கலாம். தாம்பரத்தில் கடல் கிடையாது. ஏரிகள் இருக்கின்றன, அவற்றில் படகு வைத்துப் பிழைப்பவர் எவரும் இல்லை. ஆனாலும் நமது கடைத்தெருவுக்கே படகு வந்த நாள் ஒன்று உண்டு. மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர் வணிகர்கள் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள்.

வாசலுக்கு வந்த படகு

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை மீறியது. முடிச்சூர் சாலைப் பக்கம் இருந்த நமது கிடங்கில் இடுப்பளவு தண்ணீர். அரிசியும் பருப்பும் மூட்டையோடு ஊறின. சாக்குகள் பிரிந்து தெருவில் மிதந்தன. மாடிகளில் நின்றவர்களை மீட்க ராணுவம் வந்தது, தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. கடலோர மீனவர்களும் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

நமது தெருவுக்கு வந்தது கோவளம் பக்கத்து ஃபைபர் படகு. நம் கரையோரப் படகுகள் பலவற்றில் நீண்ட தண்டு வைத்த டீசல் எஞ்சின் இருக்கும். இவருடையதில் பின்பக்கம் தொங்கும் 15 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் இருந்தது. படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் அவர் மோட்டாரின் அடிப்பாகத்திலிருந்த சிறிய திருகை லேசாகத் தளர்த்தினார். கசிந்த எண்ணெயை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திருகை இறுக்கினார்.

"என்ன தம்பி பார்க்கிறீங்க?" என்று கேட்டோம்.

"எண்ணெய் பால் மாதிரி வருதான்னு பார்க்கிறேன் அண்ணாச்சி. பாலா வந்தா தண்ணி உள்ளே பூந்துட்டுதுன்னு அர்த்தம். அப்புறம் கியரு நிக்காது" என்றார்.

அன்றைய அவசரத்தில் அந்தப் பேச்சு காதில் விழுந்ததே தவிர மனத்தில் நிற்கவில்லை. இரண்டு நாள் அவர் படகு ஓடியது. முதியவர்கள், கைக்குழந்தைகள், பிரசவத்துக்குக் காத்திருந்த ஒரு பெண் என்று எத்தனையோ பேரைக் கரை சேர்த்தார். நாம் அரிசியும் போர்வையும் கொடுத்து அனுப்பிவைத்தோம். மோட்டார் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

நமது வண்டிக்கு நேர்ந்தது

தண்ணீர் வடிந்ததும் நமது லோடு வண்டியை ஒரு பட்டறையில் விட்டோம். சக்கரத்தின் நடுமட்டம் வரை இரண்டு நாள் தண்ணீரில் நின்ற வண்டி அது. எஞ்சின் ஆயில் மாற்றினார்கள், பிரேக் கழுவினார்கள், பேட்டரி மாற்றினார்கள். வண்டி ஓடியது. பின் ஹவுசிங்கைத் திறந்து எண்ணெய் பார்க்க அவர்களுக்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை. வெள்ளத்தில் கெட்ட நூறு வண்டிகள் வரிசையில் நின்ற நேரம். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

மார்ச் மாதம் பின்பக்கம் ஒரு முனகல் கேட்டது. வேகம் கூடினால் முனகலும் கூடும். ஒரு நாள் சேலையூர் தாண்டி மேடவாக்கம் போகும் வழியில், முழு லோடோடு வண்டி நின்றுவிட்டது. வேறொரு மெக்கானிக் ஹவுசிங்கைத் திறந்தார். உள்ளேயிருந்து வழிந்தது எண்ணெய் அல்ல. காபிக் கடைப் பால் போன்ற ஒன்று. கிரவுன் சக்கரத்தின் பற்களில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். பினியனில் ஒரு பல்லின் முனையே இல்லை. அந்த வெளுத்த எண்ணெயைக் கண்டதும் கோவளத்துக்காரரின் விரல் நினைவுக்கு வந்தது.

தண்ணீருக்கு அடியில் ஒரு கியர் பெட்டி

அவுட்போர்டு மோட்டாரில் எஞ்சின் மேலே இருக்கும். அதிலிருந்து ஒரு தண்டு செங்குத்தாகக் கீழே இறங்கும். தண்ணீருக்கு அடியில் சிறிய உலோகக் கூடு. அதற்குள் சரிவான பற்கள் கொண்ட பினியன் ஒன்று, முன்னோட்டத்துக்கு ஒரு சக்கரம், பின்னோட்டத்துக்கு ஒரு சக்கரம். மேலிருந்து வரும் சுழற்சியைப் படுக்கைவாக்கில் திருப்பி விசிறிக்கு அனுப்புவது இவற்றின் வேலை. நமது வண்டியின் கிரவுன், பினியன் செய்வதும் இதே வேலைதான்.

15 குதிரைத்திறன் மோட்டார்களில் பினியனுக்கு 13 பல், சக்கரத்துக்கு 27 பல் என்பது பரவலாக உள்ள அமைப்பு. எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால் விசிறி சுமார் 2,400 சுற்று சுற்றும். 13, 27 என்று வைத்ததிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டுக்கும் பொது வகுஎண் இல்லாததால் இதன் ஒவ்வொரு பல்லும் அதன் எல்லாப் பற்களையும் முறை வைத்துச் சந்திக்கும். தேய்மானம் ஒரே பல்லில் விழாது. வண்டிகளின் கிரவுன், பினியனிலும் பெரும்பாலும் இப்படித்தான் பல் எண்ணிக்கை அமைப்பார்கள்.

5,000 சுற்றில் பினியனின் ஒவ்வொரு பல்லும் மணிக்கு 3 லட்சம் தடவை எதிர்ப்பல்லோடு மோதுகிறது. இவ்வளவையும் தாங்குவது பல்லின் கடினமான மேல்தோல். பல்லின் உள்பக்கம் உடையாமல் வளைந்து கொடுக்கும் எஃகு. அதன் மேல் சூடேற்றிக் கெட்டியாக்கிய தோல் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அந்தத் தோலையும் எதிர்ப்பல்லையும் பிரித்து வைப்பது எண்ணெயின் மெல்லிய படலம். 15 குதிரைத்திறன் மோட்டாரின் கியர் கூட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கால் லிட்டர் அளவே. அதில் தண்ணீர் கலந்தால் படலம் அறுகிறது, துரு பிடிக்கிறது, தோலில் நுண்ணிய வெடிப்பு விழுந்து குழியாகிறது. உதிர்ந்த துகள் அதே எண்ணெயில் சுற்றி மற்ற பற்களையும் பேரிங்குகளையும் அரைக்கிறது. மேல்தோல் போன பிறகு மிச்சம் வேகமாகப் போய்விடும்.

தண்ணீர் எப்படி நுழைகிறது? ஓடிச் சூடான கூடு குளிர்ந்த நீரில் நின்றால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியே இருப்பதை உறிஞ்சும். ஆயில் சீல் தேய்ந்திருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் போகும். நமது வண்டி ஹவுசிங்கில் காற்று போய்வர 'பிரீதர்' என்னும் சிறு துளையும் உண்டு. அதுவும் ஒரு வழி. ஓடிக் களைத்த வண்டி வெள்ளத்தில் இறங்கியதும் நடப்பது இதுதான்.

பாரமா, அடியா?

கியரைக் கெடுப்பதில் பாரத்தைவிட அடிதான் பொல்லாதது. அலையில் படகு தூக்கியதும் விசிறி காற்றில் சுற்றி வேகம் எகிறும். மறுபடி தண்ணீரில் விழுந்ததும் அத்தனை வேகமும் பல்லின் மேல் அடியாக இறங்கும். 2018 நவம்பரில் ஆந்திரத்தின் அமராவதியில், கிருஷ்ணா நதியில், ஃபார்முலா 1 விசைப்படகுப் போட்டி நடந்தது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் படகுகள். அவற்றுக்கும் கீழே இருப்பது இதே சரிவுப் பல் சக்கரம்தான். மீனவர் ஆண்டுக்கணக்கில் ஓட்ட விரும்பும் கியரைப் போட்டிக்காரர் மணிக்கணக்கு வைத்துப் பிரித்துப் பார்க்கிறார். அடி கூடக்கூட ஆயுள் குறையும் என்பது இருவருக்கும் தெரியும்.

நமக்கும் ஒரு கணக்கு உண்டு. குண்டு பேரிங்கின் மேல் பாரம் இரட்டிப்பானால் அதன் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். கால் பங்கு பாரம் கூடினாலே ஆயுள் ஏறத்தாழப் பாதி. 'இன்னும் ஐந்து மூட்டை ஏற்று, ஒரு நடை மிச்சம்' என்று சொல்லும்போது நாம் மிச்சப்படுத்துவது டீசலை, செலவழிப்பது பேரிங்கை. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது கிளட்ச்சைப் படக்கென்று விடுவது, படகு அலையில் விழுந்து எழுவதற்குச் சமம்.

கோவளத்தில் கண்டது

நமது வண்டி பட்டறையில் இருந்தபோது விசாரித்துக்கொண்டு கோவளம் போனோம். அந்த மீனவர் வீட்டில் மோட்டார் சாக்கு போர்த்திக் கிடந்தது. பொங்கல் சமயத்தில் கடலில் பல் உடைந்துவிட்டதாம். வெள்ளத்தில் எங்கோ மூழ்கிய சுற்றுச்சுவரில் விசிறி இடித்திருக்கிறது. அதைவிடப் பெரிய கேடு வேறு. விசிறியைக் கழற்றியபோது அதன் பின்னால், தண்டைச் சுற்றி, வெட்டி எடுக்கும்படி இறுகிக் கிடந்ததை அவர் ஒரு டப்பாவில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். மூட்டை தைக்கும் நூலும் பிளாஸ்டிக் சாக்கின் இழையும். அது ஆயில் சீலை அறுத்துவிட்டது. கடலில் மீனவர்களின் தூண்டில் நரம்பு செய்யும் கேட்டை நமது தெருவில் நமது கிடங்குச் சாக்கு செய்திருக்கிறது.

இரண்டு நாள் ஓட்டத்தில் எண்ணெய் பார்க்க அவருக்கு நேரமில்லை. ஊருக்குத் திரும்பியதும் காய்ச்சலில் படுத்துவிட்டார். தண்ணீர் கலந்த எண்ணெயோடு மோட்டார் வாரக்கணக்கில் நின்றது. துரு தன் வேலையைச் செய்தது. தினமும் விரல் வைத்துப் பார்த்தவரின் மோட்டார், அவர் பார்க்காமல் விட்ட அந்தச் சில வாரங்களில் போயிற்று.

செலவு எவ்வளவு என்று மூன்று முறை கேட்ட பிறகே சொன்னார். கொடுத்தோம். அதற்குள் இரண்டு மாதமாக அவர் மற்றவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த இரண்டு மாதத்தை நம்மால் திருப்பித் தர முடியவில்லை.

கணக்கில் வராத தேய்மானம்

அந்த ஆண்டுக் கணக்கில் நமது ஆடிட்டர் லோடு வண்டிக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதினார். ஊறிப்போன சரக்கு நஷ்டத்தில் சேர்ந்தது. நம் தெருவில் தேய்ந்த படகு மோட்டார் எந்தப் பேரேட்டில் வரும்? நமது கல்லாவை எடுத்து வைக்கும் நமக்கு, அடுத்தவர் முதல் நமக்காகத் தேய்வது கண்ணில் படவில்லை. வாடகைக்கு வண்டி எடுத்தால் வாடகையில் தேய்மானமும் சேர்ந்திருக்கும். உதவிக்கு வந்த படகுக்கு வாடகை இல்லை. எனவே தேய்மானம் முழுவதும் வந்தவர் தலையில் விழுந்தது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பகுதிகளில் தண்ணீர் நின்றது. மறுபடி படகுகள் ஓடின. இனியும் தேவைப்படும். ஆகவே நமது அனுபவத்தில் கண்டவற்றைக் கீழே தருகிறோம்.

வண்டி வைத்திருப்போருக்கு:

1. சக்கரத்தின் நடுமட்டத்துக்கு மேல் தண்ணீரில் நின்ற வண்டியை உடனே ஓட்டக் கூடாது. எஞ்சின் ஆயிலோடு கியர் பாக்ஸ், ஹவுசிங் எண்ணெயையும் திறந்து பார்க்கச் சொல்லவும். பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

2. எண்ணெய் வெளுத்திருந்தால் வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றி, சிறிது தூரம் லோடு இல்லாமல் ஓட்டி, அதையும் வடித்து மறுபடி ஊற்றவும். ஒரு தடவை மாற்றினால் உள்ளே ஒட்டிய தண்ணீர் முழுதும் போகாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் குறித்த தரத்தையே வாங்கவும்.

3. வடிகால் திருகின் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு போலப் பொடி இருந்தால் அது வழக்கமான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் செதில் இருந்தால் பல் உதிர்கிறது என்று பொருள், ஓட்ட வேண்டாம்.

4. பிரீதர் துளையைச் சுத்தம் செய்யவும். சீல் கசிந்தால் மாற்றவும். கிரவுன், பினியன் இரண்டும் ஒன்றோடொன்று பொருத்தித் தேய்த்து எடுத்த ஜோடி; ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் கெடும்.

5. மழைக்காலத்துக்கு முன் காலிச் சாக்கு, நூல், கயிறு எல்லாவற்றையும் கட்டி உயரத்தில் வைக்கவும்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரில், ஒவ்வொரு பகுதிச் சங்கமும் கடலோரப் படகுக்காரர்களோடு பேசி வைக்க வேண்டும். எரிபொருளோடு கியர் ஆயிலும் சீல் செட்டும் ஒரு மாற்று விசிறியும் நமது செலவில் தயாராக இருக்க வேண்டும். படகு திரும்பிப் போகும் முன் விசிறியைக் கழற்றி நூல் எடுத்து, எண்ணெயை மாற்றிக் கொடுக்க வேண்டும். அவுட்போர்டில் எண்ணெயைக் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் வழியும் வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துக்கொண்டு எண்ணெய் குறையும். முதல் 20 மணி ஓட்டத்தில் ஒரு முறை, பிறகு 100 மணிக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான வழக்கம். வெள்ளத்தில் ஓடிய மோட்டாருக்கு மணிக்கணக்கு பார்க்க வேண்டாம். அன்றே மாற்ற வேண்டும்.

பிற்பாடு ஒரு முறை கோவளம் போனபோது அந்த மீனவர் புதுக் கியர் போட்ட மோட்டாரைச் சாய்த்து, திருகைத் தளர்த்தி, விரலை நம்மிடம் நீட்டினார். எண்ணெய் தெளிவாக இருந்தது. இப்போது மாதம் ஒரு முறை நமது வண்டியின் ஹவுசிங்கிலும் நாம் விரல் வைத்துப் பார்க்கிறோம்.