தோப்பு வண்டிக்கு டயரும் பட்டையும்

ராஜபாளையத்திற்கு மேற்கே அய்யனார் கோயில் பக்கமும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு பக்கமும் மா, தென்னை வைத்திருக்கும் விவசாயிகளுக்குக் காய் விளைவிப்பது ஒரு பாடு. அதைத் தார்ச்சாலை வரை கொண்டு வந்து சேர்ப்பது இன்னொரு பாடு. இடையில் இருப்பது கல்லும் குழியுமான வண்டிப் பாதை, ஒன்றிரண்டு ஓடை, மழைக் காலமானால் சேறு. முன்பு இரும்புப் பட்டா அடித்த கட்டை வண்டி போயிற்று. பிறகு டயர் வண்டி வந்தது. இப்போது பெரும்பாலும் சிறு சரக்கு வண்டிதான். 2005ஆம் ஆண்டு டாடா ஏஸ் வந்த பிறகு சிறு விவசாயியும் பழைய வண்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. இரண்டாம் கையாக வாங்கிய ஜீப் வகை பிக்கப் வண்டிகளும் தோப்புகளில் ஓடுகின்றன.

இந்த வண்டிகளை வாங்கியதும் பலர் செய்யும் முதல் காரியம், பின்பக்கம் கூடுதலாக ஒன்றிரண்டு பட்டை சேர்த்து, பெரிய டயர் மாட்டுவது. 'இனி எவ்வளவு பாரமும் தாங்கும்' என்று நினைக்கிறார்கள். அப்படித் தாங்காது. எதைச் செய்தால் பயன் உண்டு, எதைச் செய்தால் காயும் அடிபட்டு ஆளுக்கும் ஆபத்து என்று பார்ப்போம்.

முதலில் டயர்

டயருக்குள் இருக்கும் காற்றுதான் வண்டியின் முதல் ஸ்பிரிங். செலவில்லாத ஸ்பிரிங்கும் அதுவே. எத்தனை பவுண்டு காற்று என்பது வண்டியுடன் வந்த புத்தகத்திலும், பெரும்பாலான வண்டிகளில் கதவோரம் ஒட்டிய தாளிலும் இருக்கும். முன்னுக்கு ஒரு கணக்கு, பின்னுக்கு ஒரு கணக்கு. சுமையோடு போகும்போது பின்னுக்குக் கூடுதல். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

காற்று குறைந்த டயர் சுமையில் பக்கவாட்டில் மடங்கி மடங்கி விரிகிறது. அதனால் உள்ளே சூடேறி அடுக்குகள் பிரிகின்றன. தோப்புப் பாதையில் ஒன்றும் தெரியாது. மதுரை – கொல்லம் சாலையில் ஏறி வேகம் பிடித்த பிறகுதான் வெடிக்கும். அதே சமயம், காற்றை அளவுக்கு மேல் அடித்தால் ஒவ்வொரு கல்லின் அடியும் நேராகக் காய்ப்பெட்டிக்குப் போகும்.

ஓடை மணலில் வண்டி புதைந்தால் பின் டயர்களில் காற்றைக் குறைப்பது பழைய உபாயம். டயர் பரந்து மணலில் மிதந்தாற்போல் போகும். ஆனால் இதை வெறும் வண்டியில் மட்டுமே செய்யலாம். உள்ள காற்றில் கால் பங்குக்கு மேல் இறக்க வேண்டாம். நடக்கும் வேகத்தில் கடந்து, மறுகரையில் கால் பம்பு வைத்து உடனே பழைய அளவுக்கு ஏற்றிவிட வேண்டும். கால் பம்பு இல்லாதவர்கள் இந்த உபாயத்தை மறந்துவிடுவது நல்லது.

புது டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கப் பழக வேண்டும். அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் ஆங்கில எழுத்தும் இருக்கும். அந்த எண்தான் சுமை எண். 91 என்றிருந்தால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 100 என்றிருந்தால் 800 கிலோ. இது வண்டியின் சொந்த எடையையும் சேர்த்துத்தான். ஆகவே பின்னால் இரண்டு '100' டயர் என்றால் பின் அச்சின் மேல் மொத்தம் 1,600 கிலோ. அதில் வண்டியின் பின்பக்க எடையைக் கழித்துத்தான் சரக்கு. பழைய டயரை விட குறைந்த எண்ணுள்ள டயரை, விலை மலிவு என்று மாட்டக் கூடாது. கார் டயர் அளவில் பொருந்தினாலும் சரக்கு வண்டிக்கு உதவாது.

பிறந்த தேதியும் டயரிலேயே உண்டு. நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கடையில் பளபளப்பாக இருந்தாலும் பல ஆண்டு கிடந்த டயரில் ரப்பர் இறுகியிருக்கும். தடத்தின் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறைந்தால் இந்த வண்டிகளைச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தருவதில்லை. மழைக் காலத்தில் அந்த அளவு வரை காத்திருப்பதும் தவறு.

முன்னால் நேர்க்கோட்டுத் தடம், பின்னால் பட்டன் தடம் என்று போட்டால் திருப்புவதற்கும் சேற்றில் பிடிப்பதற்கும் இரண்டுக்கும் ஒத்துவரும். ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் என்று கலந்து மாட்டக் கூடாது. ரீட்ரெட் டயரைப் பின்னால் போடலாம், முன்னால் வேண்டாம். சீமைக் கருவேல முள் நம் பக்கத்தில் பெரிய தொல்லை. தடத்தில் ஏறிய முள்ளுக்குப் பஞ்சர் ஒட்டலாம், பக்கச் சுவரில் குத்திக் கிழித்ததற்கு ஒட்டு நிற்காது.

பெரிய டயர் பற்றி ஒரு கணக்கு. டயரின் உயரம் பத்தில் ஒரு பங்கு கூடினால், மீட்டர் 40 காட்டும்போது வண்டி 44இல் ஓடும். ஏற்றத்தில் இழுக்கும் வலு ஏறத்தாழ அதே விகிதத்தில் குறையும். பிரேக்கும் அந்த அளவுக்குக் கூடுதலாக உழைக்க வேண்டும். முழுத் திருப்பத்தில் டயர் மட்கார்டில் உரசும். தரையிலிருந்து ஓர் அங்குலம் உயரம் கிடைப்பதற்கு இவ்வளவு விலை.

பட்டையின் வேலை

பட்டைக் கட்டில் மேலே இருப்பது தாய்ப் பட்டை; இரு முனையிலும் கண் உள்ளது. கீழே நீளம் குறையக் குறைய மற்ற பட்டைகள் அடுக்கியிருக்கும். சில வண்டிகளில் சற்றுத் தள்ளி ஒரு துணைப் பட்டை நிற்கும். சுமை ஏறிக் கட்டு தாழ்ந்த பிறகுதான் அது வேலைக்கு வரும். இந்த ஏற்பாட்டில் அர்த்தம் உண்டு. வெறும் வண்டி மெதுவாகவும், பாரவண்டி உறுதியாகவும் போவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள்.

ஒரு பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 8 மில்லி மீட்டர் பட்டை இருந்த இடத்தில் 9 மில்லி மீட்டர் பட்டை போட்டால், ஒரு மில்லி மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பட்டை 40 சதவீதத்துக்கும் மேல் விறைத்துப் போகிறது. அப்படிப் பட்ட வண்டி அரைச் சுமையில் குதிக்கும். சப்பட்டை, பஞ்சவர்ணம் போன்ற மாங்காய்கள் பெட்டிக்குள் ஒன்றோடொன்று மோதும். அடி அன்றைக்குத் தெரியாது. பழுக்கும்போது கறுப்பாகத் தெரியும். வியாபாரி அடுத்த லோடுக்கு விலையைக் குறைப்பார்.

அதைவிடப் பெரிய அபாயம் பிரேக்கில். பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு கம்பி வழியாக பிரேக் வால்வு ஒன்றை இணைத்திருப்பார்கள். சுமை ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால், 'பாரம் இருக்கிறது' என்று அந்த வால்வு பின் சக்கரத்துக்குக் கூடுதல் பிரேக் கொடுக்கும். பட்டை சேர்த்து விறைப்பாக்கிய வண்டி சுமை ஏற்றியும் தாழ்வதில்லை. வால்வு வெறும் வண்டி என்றே எண்ணிக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். நிறைந்த பாரத்தோடு சரிவில் இறங்கும்போது இதன் பலன் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டை கூடியதால் அச்சோ, பேரிங்கோ, பிரேக்கோ, டயரோ கூடுவதில்லை.

ஆகவே நமக்கு வேண்டியது கூடுதல் பட்டை அல்ல. இருக்கும் கட்டு முழுமையாக இருப்பதுதான்.

வீட்டில் பார்க்கக் கூடியவை

கட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்த பின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பட்டையின் குறுக்கே துருச் சிவப்பில் மெல்லிய கோடு தெரிந்தால் அது வெடிப்பு. பெரும்பாலும் நடுவில், சென்டர் போல்ட் துளைக்கு அருகில்தான் உடையும். அதற்குக் காரணம் பாரம் மட்டும் அல்ல. யூ போல்ட் தளர்ந்திருப்பது. யூ போல்ட் இறுக்கமாக இருந்தால் நடுப்பகுதி அசையாது. தளர்ந்தால் துளையுள்ள பலவீனமான இடம் வளைந்து வளைந்து உடைகிறது. சென்டர் போல்ட் அறுந்தால் அச்சு நகர்ந்து, வண்டி நண்டு போல் சாய்ந்து ஓடும்.

உடைந்த பட்டையை வெல்டிங் வைக்கக் கூடாது. கொல்லுப் பட்டறையில் பழுக்கக் காய்ச்சி வளைவு ஏற்றுவதிலும் உருக்கின் பதம் போய்விடுகிறது. ஒரு பருவத்துக்குள் மறுபடி படுத்துவிடும். அதே அகலம், அதே கனம், அதே நீளமுள்ள புதுப் பட்டை போடுவதே சரி. ஒரு பக்கம் கட்டு படுத்திருந்தால் இரு பக்கமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்டர் போல்ட்டைக் கழற்றினால் கட்டு துள்ளி விரியும். பெரிய கிளாம்ப் போட்டு இறுக்கிப் பிடிக்காமல் அதில் கை வைப்பது விபரீதம். இந்த வேலையைப் பட்டறையில் விட்டுவிடுங்கள். முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டியிலும் அப்படியே.

கழிவு ஆயிலைப் பட்டை மேல் ஊற்றும் வழக்கம் எங்கும் உண்டு. கிறீச் சத்தம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் நம் செம்மண் புழுதி அதில் ஒட்டிச் சாணை போல் தேய்க்கும். ரப்பர் புஷ்கள் ஆயில் பட்டு ஊதிப் போகும். உலோக புஷ்ஷும் கிரீஸ் நிப்பிளும் உள்ள வண்டிக்குக் கிரீஸ் அடித்தால் போதும்.

ஷாக் அப்சார்பர் பாரம் தாங்குவதில்லை. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. குழியில் இறங்கிய வண்டி அதன்பிறகும் நாலைந்து தடவை ஆடினால் அது ஓய்ந்துவிட்டது என்று பொருள். ஆயில் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். கரடான பாதையில் ஓடி வந்ததும் தொட்டால் ஒரே அச்சின் இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. டயரில் அங்கங்கே மேடு பள்ளமாகத் தேய்ந்திருப்பதும் இதற்கு ஓர் அடையாளம். மாற்றினால் சோடியாக மாற்ற வேண்டும். என்னைக் கேட்டால், இரண்டு புதுப் பட்டைக்குச் செலவழிப்பதை விட நல்ல ஷாக் அப்சார்பருக்குச் செலவழிப்பதில் காய்க்கு லாபம்.

இந்த வேலைகளைக் கெட்டியான சமதரையில் வைத்துச் செய்யுங்கள். எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, சட்டத்தின் கீழ் இரும்பு ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் போக வேண்டும். செங்கல் அடுக்கி முட்டுக் கொடுப்பது உயிருக்கு ஆபத்து. செங்கல் சொல்லாமல் நொறுங்கும்.

சட்டமும் சரக்கும்

வண்டியின் பதிவுப் புத்தகத்தில் வெறும் எடையும் மொத்த எடையும் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, டிரைவர் எடையையும் கழித்தால் மிஞ்சுவதே உங்கள் சரக்கு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுதியாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் தேடுவது இத்தகைய மாற்றங்களைத்தான். தோப்பு வேலைக்கு வரும் பெண்களைப் பெட்டிகளின் மேல் உட்கார வைத்து அழைத்து வருவதும் கூடவே கூடாது.

சாக்கில் கட்டுவதை விட பிளாஸ்டிக் பெட்டியில், அடியிலும் பக்கத்திலும் வைக்கோல் வைத்து அடுக்கினால் அடி குறையும். பாரத்தைப் பின் அச்சுக்குச் சற்று முன்னால் வரும்படி ஏற்றுங்கள். பின்கதவோரம் குவித்தால் முன் சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் கேட்காது.

பாதையைச் சீர் செய்வது வண்டியைச் சீர் செய்வதை விட மலிவு. பக்கத்துத் தோப்புக்காரர்களுடன் சேர்ந்து, பட்டா நிலத்தில் உள்ள குழிகளுக்குச் சரளை போட்டுத் தண்ணீர் வடிய வழி வெட்டினால் எல்லோருடைய பட்டையும் பிழைக்கும். ஆனால் மலையடிவாரத்தில் 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமும் அறிவிக்கப்பட்டுள்ளன. வன எல்லைக்குள் ஒரு கல்லைப் புரட்டுவதானாலும் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

இப்போது பட்டை மாற்றியவர்கள், பாரத்தோடு ஒரு நடை போய் வந்ததும் யூ போல்ட் நட்டுகளை மெக்கானிக்கிடம் காட்டி, குறித்த அளவுக்கு மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள். புதுப் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, முதல் சில நூறு கிலோ மீட்டருக்குள் தளர்வு கொடுப்பது வழக்கம்.