முதலைகளுக்கு ஒரு வங்கி

கொல்லி மலையில் ஆகாய கங்கை அருவியாக விழும் ஐயாறு, மலையிறங்கிக் காவிரிப் படுகையை வந்தடைகிறது. அந்தக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வாழ்வது சதுப்பு முதலை. தோலுக்காக வேட்டையாடப்பட்டும், முட்டைகள் திருடப்பட்டும், 1970ஆம் ஆண்டுவாக்கில் இவ்வினம் நாட்டில் அருகிப் போயிற்று. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் முட்டையிடாதல்லவா? முதலைகளைப் பெருக்கவும் வழி வேண்டியிருந்தது.

அதற்காக 1976இல் ராமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் தொடங்கியதுதான் சென்னை முதலைப் பண்ணை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் இது இருக்கிறது. பணத்தைச் சேமிப்பது போல் உயிரினத்தைச் சேமித்து வைப்பதால் 'முதலை வங்கி' என்றே இதற்குப் பெயர்.

உள்ளே நுழைந்தால், குளக்கரை மணலில் வாயைப் பிளந்தபடி முதலைகள் கிடப்பதைக் காணலாம். அது கோபமன்று, உடல் வெப்பத்தைச் சீராக்கும் வழி. பெண் முதலை மணலில் குழி பறித்து, சுமார் 25 முதல் 30 முட்டைகள் இட்டு மூடுகிறது. ஏறத்தாழ இரண்டு மாதங்களில், முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் குரல் கொடுக்கும். தாய் மணலைத் தோண்டி, அவற்றை வாயில் கவ்வி நீருக்குக் கொண்டு செல்லும். அந்தக் கொடிய பற்கள் குஞ்சுக்குத் தொட்டிலாகி விடுகின்றன!

இன்னொரு வியப்பு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் வெப்பநிலையே. சுமார் 31 டிகிரி செல்சியசுக்குக் கீழே பெண் குஞ்சுகள், 32.5 டிகிரி அளவில் பெரும்பாலும் ஆண் குஞ்சுகள். இதை இப்பண்ணையின் முட்டைகளைக் கொண்டே விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 1980களில் வெளியிட்டனர். பூமி வெப்பமடைந்தால் ஆண், பெண் விகிதம் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பண்ணையில் முதலைகள் நன்கு பெருகின. குஞ்சுகள் பல மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் விடப்பட்டன. ஆனால் 1990களில் சிக்கல் எழுந்தது. விட இடமில்லை! ஆற்றங்கரைகளில் மக்களும், மணல் எடுப்போரும், மீன் வலைகளும் நெருங்கிவிட்டன. அரசு விடுவிப்பை நிறுத்தியது. அழிவிலிருந்து காக்கப் பெருக்கிய இனத்துக்கே, பிறகு முட்டைகளை அகற்றிப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? முட்டையைக் காக்க ஒரு தொட்டி போதும். முதலையைக் காக்க ஓர் ஆறு வேண்டும். வங்கியில் சேமித்ததைச் செலவிட இடமில்லையென்றால், அந்தச் சேமிப்பால் என்ன பயன்?